தோட்டத்து வாசலில் தவறணை

மலையகத்தில் ஏதாவதொரு தோட்டத்துப் பெண்கள் மதுக்கடையை மூடச் சொல்லி வீதியில் இறங்கினால், அவர்களுக்கு வழக்கமாக ஒரு பதில் கிடைக்கிறது. கடையை மூடினால் கசிப்பு எனும் கள்ளச்சாராயம் பெருகும். மதுவிலக்குக் கொண்டுவந்து அமெரிக்கா பட்ட பாடு தெரியாதா? நுவரெலியாவிலும் ஹட்டனிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்த வாதம், அமெரிக்காவின் கதையில் பாதியை விட்டுவிடுகிறது. எங்கள் மலைகளின் கதையையோ முழுவதுமே விட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் நடந்தது உண்மைதான். 1920 ஜனவரி 17 முதல் அங்கே மது தயாரிப்பதும் விற்பதும் ஏற்றிச் செல்வதும் குற்றமாயின. குடிப்பவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், விற்பவர்கள் மாறினார்கள். சிக்காகோவில் ஜானி டோரியோ கட்டிய கள்ளச்சாராய வலை 1925இல் அல் கபோனின் கைக்கு வந்தது. 1929 பெப்ரவரி 14 அன்று ஒரு வாகனக் கொட்டகையில் எதிர்க்கும்பலோடு தொடர்புடைய ஏழு பேரைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கொல்ல வந்தவர்களில் இருவர் பொலிஸ் உடுப்பில் வந்திருந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக நீதிமன்றம் யாரையும் தண்டிக்கவில்லை. 1931இல் கபோனுக்குக் கிடைத்த பதினொரு ஆண்டுச் சிறை, வருமான வரி ஏய்ப்புக்காக. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கே நீங்கியது.

விட்டுப்போகும் பாதி எது? கபோனின் சாம்ராஜ்யத்தைத் தாங்கியது சட்டத்தின் கண்டிப்பு மட்டுமல்ல. பொலிஸாரும் நீதிபதிகளும் நகரசபையும் அவர் பணத்தில் நனைந்திருந்தார்கள். 1927 மேயர் தேர்தலில் வென்ற வில்லியம் தொம்சனுக்குப் பின்னால் கபோனின் பணம் நின்றது. ஏழையின் குடியில் பங்கு வாங்கப் பழகிய அதிகாரம் இல்லாமல் எந்தக் கும்பலும் அப்படி வளர்ந்துவிடாது. அந்தப் பங்கை மறைவில் வாங்கவேண்டிய அவசியம் இலங்கையில் இருக்கவில்லை.

இங்கே பிரித்தானிய அரசு சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் அரசுக்குரிய தொகையைக் கட்டவேண்டும். அதற்குமேல் வருவதெல்லாம் அவருடையது. ஆகவே எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு லாபம். களுத்துறை, பாணந்துறைக் கரையோரத்தில் வடித்த தென்னஞ்சாராயம் மாட்டுவண்டிகளில் மலையேறியது. மொரட்டுவையின் ஜெரோனிஸ் சொய்சா, குத்தகையிலும் வியாபாரத்திலும் சேர்த்த பணத்தைக்கொண்டு 1837இல் ஹங்குரன்கெத்தையில் கண்டி மன்னரின் தோட்டமாக இருந்த நிலத்தை வாங்கிக் காப்பி பயிரிட்டார். காப்பித் தோட்டம் வைத்த முதல் இலங்கையர்களில் ஒருவர் அவர். அந்தக் குடும்பம் பின்னாளில் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் கட்டிக் கொடுத்தது. ஜெரோனிஸைக் கபோனோடு நிறுத்த மாட்டேன். அவர் செய்தது அரசு முத்திரையோடு செய்த தொழில். அந்த முத்திரைதான் என்னை உறுத்துகிறது.

வாங்கிக் குடித்தவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். தமிழகத்துப் பஞ்சத்திலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் சாகாமல் மிஞ்சியவர்கள். தோட்டம் சேரும்போதே, ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணியிடம் கடனாளிகள். அந்தக் கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமக்கவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. காப்பிக் காலத்தில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். கைக்குக் காசு வரும் நாளுக்காகச் சாராயக் கடையான தவறணை காத்திருந்தது. மழையும் குளிரும் அட்டைக் கடியும் ஒருபுறம், பத்தடிக்குப் பத்தடி லயத்து அறை மறுபுறம். இடையில் அரசாங்கம் உரிமம் கொடுத்துத் திறந்துவைத்த ஒரே ஆறுதல் அந்தக் கடை.

1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. கள்ளுக்கடைகள் ஊரூராகத் திறக்கப்படும் என்றதும் சிங்களக் கிராமங்கள் கொதித்தெழுந்தன. எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க சகோதரர்கள் மதுவொழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார்கள். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1920களில் ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடவைக்கும் வழியும் இருந்தது. இலங்கை மக்கள் அரசியல் பழகிய முதற்பள்ளிகளில் ஒன்று அந்த இயக்கம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அது லயத்து மக்களைத் தன் மக்களாக எண்ணவில்லை. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, மலையகத்துக்கும் வந்து, குடியை விடும்படி தொழிலாளரைக் கேட்டார். அறிவுரை கேட்கும் இடத்தில்தான் எங்கள் மக்கள் வைக்கப்பட்டார்கள். முடிவெடுக்கும் இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு நடந்ததை மறக்க முடியாது. கிராமத்து மனிதன் தன் ஊர்த் தவறணையை மூடிக்கொள்ள உரிமையுள்ளவன் என்று போராடிய அதே டி.எஸ். சேனாநாயக்க, பிரதமரானபின் 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தோட்டத் தமிழர் நாடற்றவரானார்கள். அடுத்த ஆண்டே வாக்கும் போயிற்று. எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு முழு வழி பிறந்தது 2003இல். பல தசாப்தங்களாக, தன் லயத்துக்குக் கீழே எந்தக் கடை திறக்கிறது என்று கேட்க வாக்கில்லாத ஒரு சமூகம் நாட்டுக்குத் தேயிலையால் அந்நியச் செலாவணியும் சாராயத்தால் மதுவரியும் கொடுத்துக்கொண்டிருந்தது.

கசிப்புக்கு வருவோம். சீனி, ஈஸ்ட், தண்ணீர், பீப்பாய். ஓடையோரக் காட்டில் கோடா எனும் அந்தக் கலவை ஊறுகிறது. அடுப்பேற்றினால் இரவுக்குள் சரக்கு. இதற்கு மதுவிலக்கு தேவைப்படவில்லை. கடைகள் மூடிக் கிடந்ததால் கசிப்பு வந்தது என்று எங்கள் மலைகளில் யாரும் சொல்ல முடியாது. திறந்திருக்கும் மதுக்கடையின் நிழலிலேயே அது தலைமுறைகளாக விற்கிறது. காரணம் விலை. 2023இல் மட்டும் மதுவரி இருமுறை ஏறியது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயமானது. அப்போது ஒரு போத்தல் சாராயம் இரண்டு நாள் சம்பளத்துக்கும் மேல் விழுங்கியது. குடிக்குப் பழக்கப்படுத்தியபின் விலையை எட்டாத உயரத்தில் வைத்தால், கைக்கெட்டும் விஷத்தை மனிதன் தேடிப்போவான். சுற்றிவளைப்பில் அகப்படுகிறவர் பெரும்பாலும் அடுப்பெரித்தவரும் கேன் சுமந்தவரும்தான். சீனி மூட்டைக்குப் பணம் போட்ட முதலாளி நீதிமன்றப் படியேறுவது அரிது. சிக்காகோ சொல்லித்தரும் பாடம் ஒன்று இருக்கிறதென்றால் அது இங்கேதான்: கபோனைப் பிடித்தது கணக்குப் புத்தகம்.

2024 தேர்தல்களை ஒட்டி வழங்கப்பட்ட மதுபான உரிமங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாடு முழுவதும் முந்நூற்றுக்கும் மேல். மத்திய மாகாணமும் அதில் இருந்தது. உரிமம் அரசியல் சன்மானமாகிவிட்டதா என்று நாடே கேட்டது. ஏலத்தில் விற்ற பழைய குத்தகையாவது எல்லோர் கண்முன்னும் நடந்தது.

முழு மதுவிலக்கை நான் கேட்கவில்லை. அது அமெரிக்காவில் தோற்றது, இங்கும் தோற்கும். நான் கேட்பது, தோட்டப்புறத்தில் ஒரு கடைக்கு உரிமம் கொடுக்குமுன் அந்தத் தோட்டத்து ஆண்களும் பெண்களும் வாக்களிக்கவேண்டும் என்பது. நூறு ஆண்டுகளுக்குமுன் இந்தத் தீவில் இருந்த ஏற்பாட்டை ஒத்ததுதான் அது. கசிப்பு வழக்குகளில் பணம் போட்டவரின் கணக்கையும் சொத்தையும் தேடவேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்த இரண்டையும் சேர்க்கும்படி மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், சபையில் எழுந்து கேட்கவேண்டும்.