ஸ்பாட்ல பாத்துக்கலாம்!

குறும்படம் எடுக்குற காலேஜ் பசங்ககிட்ட ஒரு மந்திரம் இருக்கு மக்களே. "ஸ்பாட்ல பாத்துக்கலாம் மாப்ள." ஷாட் டிவிஷன் எங்கடான்னு கேட்டா இதான் பதில். யாரு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டாலும் இதான். இதுக்குப் பேரு கலை இல்லை, சோம்பேறித்தனம்.

நான் பி.காம். லென்ஸ் பத்தி ஒண்ணும் தெரியாது. செலவுக் கணக்கு எழுத ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க, போனேன். அதனால கணக்காவே சொல்றேன். காலைல 6 மணிலேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும் 720 நிமிஷம். டிபன் 30, மதியச் சாப்பாடு 60, ரெண்டு தடவை இடம் மாற 90. கழிச்சா 540. எங்க படத்துல 42 ஷாட். ஒரு ஷாட்டுக்கு 13 நிமிஷம்கூட முழுசா இல்லை. இந்த ஒரு வகுத்தலை முந்தின ராத்திரி போட்டிருந்தா முதல் ஷாட்டுக்கே ஒன்றரை மணி நேரம் போயிருக்காது. (ஹீரோ செருப்பு மாட்டுற ஷாட். செருப்பு!)

அதைவிடக் கொடுமை, கதை வரிசைப்படியே எடுத்தது. டீக்கடை, வீடு, மறுபடி டீக்கடை, மறுபடி வீடு. கடைக்கார அண்ணாச்சி பத்து பைசா வாங்காம, 10 மணி வரைக்கும்தான்னு சொல்லிக் கடையைக் கொடுத்தார். ரெண்டாவது தடவை நாங்க போய் நின்னப்ப மணி 12. அவர் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பாக்க முடியலை. கடை சீன் எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டு நகர்ந்திருக்கலாமே? எடிட்டிங்னு ஒண்ணு பின்ன எதுக்கு?

உடனே ஒருத்தர் வருவார். 'பதேர் பாஞ்சாலி' 1952ல ஆரம்பிச்சு 1955லதான் வந்தது, ரே என்ன டைம்டேபிளா போட்டார்னு கேப்பார். ஐயா, அது காசு இல்லாம நின்னு நின்னு எடுத்த படம். ரே காட்சிகளை முன்கூட்டியே வரைஞ்சு வெச்சிருந்தவர். நாணல் பூக் காட்சியில கொஞ்சம் எடுத்துட்டு மறுவாரம் போனா, பூவை மாடு தின்னுடுச்சு. அடுத்த பூ சீசன் வரைக்கும் காத்திருந்தாங்க. நாம ராத்திரி 8 மணிக்கு வாடகைக் கேமராவைத் திருப்பித் தரணும். உதாரணம் வேணும்னா 1999ல வந்த 'சுயம்வரம்' இருக்கே. 24 மணி நேரத்துக்குள்ள மொத்தப் படப்பிடிப்பும் முடிஞ்சது, 14 டைரக்டர்கள். படம் எப்படின்னு பேச வரலை :-) யார் எங்க நிக்கணும்னு முன்னாடியே தெரியாம அது நடந்திருக்குமா?

என் கோபம் இதெல்லாம்கூட இல்லை. அம்மாவா நடிச்ச அக்கா ஜவுளிக்கடைல வேலை பாக்குறவங்க. ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு, நாங்க சொன்னபடி 6 மணிக்கே வந்துட்டாங்க. அவங்களுக்கு மொத்தமே 4 ஷாட். முதல்ல எடுத்து அனுப்பியிருந்தா மதியமாச்சும் கடைக்குப் போயிருப்பாங்க. கூப்பிட்டது 5:20க்கு. அதுவரைக்கும் திண்ணைலயே உக்காந்திருந்தாங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு ஷாட் எடுத்தோம். இருட்டா இருக்குன்னு அந்த ரெண்டையும் எடிட்டிங்ல தூக்கிட்டாங்க.

கணக்குல கேமரா வாடகை, பிரியாணி, பெட்ரோல் எல்லாம் எழுதினேன். அந்தச் சம்பளத்தை எங்கடா எழுதறதுன்னு டைரக்டரைக் கேட்டேன். "அவங்க ஆசைப்பட்டுத்தான வந்தாங்க"ங்கறான்.

நேத்து பஸ் ஸ்டாண்டுல அந்த அக்காவைப் பாத்தேன். "தம்பி, படம் எப்போ காட்டுவீங்க? வீட்ல பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க"ன்னாங்க. அடுத்த வாரம்க்கான்னு சொல்லிட்டு, வந்த பஸ்ல ஏறிட்டேன். அது என் ஊர் பஸ்கூட இல்லை.