மடிக்குக் கற்றாழை பூசினால் மூடநம்பிக்கையா?

போன வாரம் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரத் தம்பி, நான் மாட்டு மடியில் மஞ்சள் விழுது பூசுறதைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "என்னண்ணே, இன்னும் பாட்டி வைத்தியமா? ஒரு ஊசி போட்டா முடிஞ்சுதே!" என்றார். அவர் குழந்தைக்கு வாங்குற பால் லிட்டர் நூறு ரூபாயாம், நாட்டு மாட்டுப் பாலாம். அந்த மாட்டுக்கு மடிநோய் வந்தா என்ன மருந்து போடுறாங்கன்னு கேட்டேன். தெரியலை.

ஊசி போட்டா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அங்கேதான் ஆரம்பிக்குது. ஆன்டிபயாடிக் போட்டா, மருந்தைப் பொறுத்து மூணு நாலு நாளாவது அந்தப் பாலை விற்கக் கூடாது. பத்து லிட்டர் கறக்குற மாடுன்னா நாலு நாளைக்கு நாற்பது லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய்னு வச்சாலும் 1400 ரூபாய் சாக்கடையில். தீவனக் கடன் வச்சிருக்கிறவன் எத்தனை பேர் கொட்டுவான்? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நானே முன்னாடி ஒருமுறை கொட்டலை. ரெண்டாம் நாளே கேனில் ஊத்திட்டேன். யாரும் கேட்கலை. அந்தப் பால் யார் வீட்டு டம்ளருக்குப் போச்சோ.

இப்ப நான் பண்றது ஒன்னும் ரகசியம் இல்லை. சோற்றுக்கற்றாழை மடல் கால் கிலோ, மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூணையும் மிக்ஸியில் அரைச்சா செக்கச்செவேல்னு விழுது வரும். மடியில் இருக்கிற பாலை முழுசாப் பீய்ச்சி எடுத்துட்டு, கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணியில் கரைச்சு மடி முழுக்கப் பூசணும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, அஞ்சு நாள். இதை எங்க தாத்தா சொல்லித் தரலை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி குழு பரப்பின முறை. ஆனந்தில் இருக்கிற தேசியப் பால்வள வாரியமே இதைச் சொல்லிக் கொடுக்குது. இதுவா மூடநம்பிக்கை?

கஷ்டம் வேற இடத்தில். பத்து தடவைன்னா வீட்டில் ஒரு ஆள் வேற வேலைக்குப் போக முடியாது. அந்தக் கூலியை யாரும் தர்றதில்லை. மருந்தே போடாத பாலுக்கும் ஊசி போட்ட மறுநாள் பாலுக்கும் எங்க ஊரில் ஒரே விலை. கொழுப்பை அளப்பாங்க, மருந்து இருக்கான்னு பார்க்க மாட்டாங்க.

இன்னொரு கூட்டம் உண்டு. 'எல்லா நோய்க்கும் மூலிகை போதும்'னு நகரத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் தட்டுறவங்க. பாம்பு கடிச்சா சிறியாநங்கையாம்! நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடிச்சவனுக்கு இலை அரைச்சுட்டு உட்கார்ந்தா பாடைதான் கட்டணும். விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புங்க. கோமாரிக்குத் தடுப்பூசி போட்டே ஆகணும். மடிநோயிலேயே மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமப் படுத்துட்டா நானும் டாக்டருக்குத்தான் போன் போடுவேன். கற்றாழை ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்ச வீக்கத்துக்கு. பால் திரிதிரியா வர்ற அன்னிக்கே தொடங்கணும்.

தம்பிக்கு ஒன்னே ஒன்னு சொல்லி அனுப்பினேன்: நாட்டு மாடா சீமை மாடான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, கடைசியா எப்ப ஊசி போட்டீங்க, அந்தப் பாலை என்ன பண்ணீங்கன்னு பால்காரர்கிட்ட கேளு. கொட்டினேன்னு சொன்னா, அந்த நாலு நாள் காசில் பாதியை நீ கொடு.

எங்க செவலைக்கு இன்னிக்கு நாலாம் நாள். வீங்கின காம்பில் பால் வெள்ளையா வர ஆரம்பிச்சிருக்கு. ஏழாவது தடவை பூசணும், போயிட்டு வர்றேன்.