ஓடுற வரைக்கும் ஓடட்டுமா?



எண்ணெய் விடாமல் லேத்தை ஓட்டினால் ஃபோர்மேன் சும்மா விடுவாரா? பெல்ட் தேயும் முன்பே மாற்றச் சொல்வார். ஆனால் அதே கம்பெனியின் ஆபீஸ் அறையில் பில், ஸ்டாக், சம்பளம் எல்லாவற்றையும் சுமக்கிற சாப்ட்வேரைப் பத்து வருஷமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கேட்டால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி" என்பார்கள். இந்தப் பேச்சு தவறு என்பதே என் கட்சி!

நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் நடுத்தரக் கம்பெனிகளைத்தான் சொல்கிறேன். பெரிய கம்பெனிக்குத் தனி கம்ப்யூட்டர் பிரிவு உண்டு. சின்னக் கடை ஒரு நோட்டை வைத்துக்கூடச் சமாளித்துவிடும். நடுவில் இருப்பவர்களுக்கு வேலை முழுக்கக் கம்ப்யூட்டரில்; அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

முதலில் பாதுகாப்பு. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகையே ஆட்டியது. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போயின. ரெனோ கார் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தி நின்றது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள் எத்தனை பேர்? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அவற்றை நம்பி சர்வரோடு இணைத்திருப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது போலத்தான்.

அடுத்து சட்டம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2025 செப்டம்பர் 22-ல் பல பொருட்களின் வரி விகிதமே மாறியது. சட்டம் மாறும்போது சாப்ட்வேர் மாறாவிட்டால், ஒவ்வொரு பில்லையும் கையால் ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டும். பில் தாமதமானால் லாரி கேட்டிலேயே நிற்கும்.

இதெல்லாம் முதலாளி கவலை, நமக்கென்ன என்கிறீர்களா? என் அப்பா ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்க்கிறார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். போன வருஷம் அங்கே பழைய சம்பள சாப்ட்வேர் படுத்துவிட்டது. எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பளம் ஒன்பது நாள் தள்ளிப் போனது. அந்த ஒன்பது நாளும் எங்க வீட்டு அரிசி கடன் அரிசி! சாப்ட்வேர் என்ற வார்த்தையே தெரியாத எங்கம்மாதான் அதற்கு வட்டி கட்டினாங்க.

"புதுசு போட்டா இருக்கிறதும் கெட்டுப் போகும்" என்று பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு மாற்றி எழுதி வைத்திருக்கும். அப்டேட் செய்தால் அது வேலை செய்யாமல் போகலாம். ஆனால் வருஷா வருஷம் ஒரு படி ஏறுவது சுலபமா, பத்து வருஷம் கழித்துப் பத்துப் படியை ஒரே தாவாகத் தாவுவது சுலபமா? முறையாகச் செய்தால் பயமே வேண்டாம். முதலில் பேக்கப் எடுக்க வேண்டும்; அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு நகல் ஒன்றில் சோதனை. மாதக் கடைசியில் கை வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை வேலை. எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஆள் போனாலும் விஷயம் போகாது.

நண்பர்களே, நாளை இந்தக் கம்பெனிகளில்தான் நாம் சூப்பர்வைசராகவும் சர்வீஸ் ஆளாகவும் போய் உட்காரப் போகிறோம். மெஷினுக்குப் பராமரிப்பு அட்டை தொங்குகிறதே, சாப்ட்வேருக்கும் ஒன்று எங்கே என்று முதல் மாதமே கேளுங்கள். சின்னப் பையன் கேட்கிறான் என்று சிரிக்கட்டும். கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்!

— இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்