மூச்சிரைப்பவருக்கும் தேகாப்பியாசம்

மூச்சிரைக்கிற பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர்ச் சொம்பைக்கூட அவர் எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்வதே உத்தமமான பணிவிடை என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வெகுகாலமாய் வேரூன்றியிருக்கிறது. அன்பிலே பிறந்ததாயினும் அது அபாயகரமான எண்ணம் என்பதே என் அபிப்பிராயம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் நெடியைக் குறித்துச் சுற்றுக் கிராமத்தார் பல ஆண்டுகளாய் முறையிட்டு வருவதையும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வறுக்கும் புகையையும், பீடிப் பழக்கத்தையும், பீடியைத் தொட்டறியாத தாய்மார்கள் விறகடுப்பின் முன் குனிந்து ஆயுளில் பாதியைக் கழித்ததையும் சேர்த்து எண்ணினால், நாள்பட்ட சுவாச அடைப்பு நோய் கடலூர் ஜில்லாவுக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும்.

பழுதுபட்ட நுரையீரலைத் தேகாப்பியாசம் புதுப்பித்துவிடாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரைப்புக்கு அஞ்சி நடை குறைய, நடை குறையத் தொடைத் தசைகள் மெலிய, மெலிந்த தசைகள் சொற்ப வேலைக்கே லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி அதிக மூச்சைக் கேட்க, அதைக் கொடுக்க மாட்டாமல் நுரையீரல் தவிக்க, நோயாளி மீண்டும் நாற்காலிக்கே திரும்புகிற சுழல் இருக்கிறதே, அதைப் பயிற்சி பெற்ற கால்கள் அறுக்கின்றன. 65 பரிசோதனைகளில் பங்குகொண்ட 3,822 பேரின் விவரங்களைத் திரட்டி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, மூச்சுத்திணறலும் சோர்வும் இப்பயிற்சியால் தணிவதைத் தெளிவாக்கியது.

இதோடு சேர்த்து எண்ண வேண்டியது குறட்டை; அதை நாம் பரிகாசத்துக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் வியாதியும் நுரையீரல் நோயும் ஒரே தேகத்தில் கூடினால், இரவில் பிராணவாயு மிகவும் தாழ்ந்துவிடும். இந்தச் சேர்க்கையை 1985-இல் தனியாகச் சுட்டிக்காட்டியவர் எடின்பரோ மருத்துவர் டேவிட் ஃப்ளென்லி. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி இந்த மூச்சுத் தடைகளை ஓரளவு குறைக்கிறது. பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் கால்களில் தேங்கும் நீர், படுத்தபின் கழுத்துக்கு ஏறித் தொண்டையை நெருக்குவதும், நடந்தால் அது தேங்காமலிருப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதற்காக உறக்கத்தில் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்க மருத்துவர் விதித்த சீபாப் கருவியை மூலையில் வைத்துவிடலாகாது.

இப்பயிற்சிக்கு வேண்டிய சாமான்கள் அற்பமே: 30 மீட்டர் சமதளம், ஒரு கடிகாரம், பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், இளைப்பாற ஒரு நாற்காலி. நோயாளி ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று முதலில் அளந்து, அதற்கேற்ப வாரம் இரண்டு மூன்று தடவையாக ஆறு முதல் எட்டு வாரம் பயிற்றுவிப்பது வழக்கம். சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்டதால் அங்கே இப்பயிற்சியை நடத்தலாம். ஊரிலோ, வெயில் ஏறுமுன் நடப்பதற்குத் தேரோடும் வீதிகள் நான்கும் இருக்கின்றன. ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயத் தொழிலாளி, கூலியை இழந்து பஸ் ஏறி வாரம் இரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, நடக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட சுவாச நோயாளிகளையும் அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். அத்திட்டத்தின் பதிவேட்டில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில், ஆறு நிமிஷ நடையை மீட்டரில் குறிக்க ஒரு பத்தி சேர்ப்பதற்கு அரசுக்கு ஆகிற செலவு அச்சுக்கூலி மட்டுமே.