மக்னீசிய மின்கலமும் அவசரப் புகழ்ச்சியும்

லிதியம் அருகிவிடுமோ என்னும் அச்சம் பேசப்படும் இடந்தோறும் மக்னீசியத்தின் பெயரும் உடனெழுகின்றது. கடல்நீரில் லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.3 கிராம் கரைந்து கிடக்கும் இவ்வுலோகம், அணுவொன்றுக்கு இரண்டு எலெக்ட்ரான்களை ஈயவல்லது. ஒரு கன சென்டிமீட்டர் மக்னீசியம் 3,833 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றம் தாங்கும். அதே பருமனுள்ள லிதியமோ 2,060 அளவே தாங்கும். இவ்வெண்களைக் கண்ட மாத்திரத்தில் லிதியத்தின் காலம் முடிந்ததென்று எழுதத் துணிவாரும் உளர். அத்துணிவு தகாதென்பது எமது கருத்து. உலோகம் மலிவாதலாற் கலமும் மலிவாகிவிடாது. கலத்தின் உயிர் மின்பகுளியிலும் நேர்முனைப் பொருளிலுமே உள்ளது.

மின்பகுளி சிதைந்து லிதியத்தின்மேற் படியும் மெல்லிய படலம், லிதிய அயனிகளுக்கு வழிவிடும். மக்னீசியத்தின்மேற் படிவதோ தாழிட்ட கதவு. அதனாலன்றோ, 1912இல் நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு இரசாயனியாகிய விக்டர் கிரினார்டின் சேர்மங்களை ஆராய்ச்சியாளர் நாடினர். ஈதரிற் கரைந்த அவற்றினின்று மக்னீசியம் படிந்து மீளவும் கரையும். ஆயின் மின்னழுத்தம் சற்றே உயரினும் அவை சிதைவன. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்து டோரான் ஆவுர்பாக்கும் அவர் குழுவினரும், அலுமினியமும் குளோரினுங் கூடிய மக்னீசியச் சேர்மத்தை மின்பகுளியாகவும், மாலிப்டினமுங் கந்தகமுஞ் சேர்ந்த ஷெவ்ரல் சேர்மத்தை நேர்முனையாகவும் கொண்டு, 2,000 முறைக்கு மேலும் மின்னேற்றி இறக்கத்தக்க கலமொன்றைச் செய்து காட்டினர். பெருஞ்செயலே அது! எனினும் அதன் மின்னழுத்தம் 1.1 வோல்ட்டு அளவே. லிதியக் கலங்களுக்கு அது 3.6 வோல்ட்டை எட்டும். குளோரைடு எஃகை அரிப்பது வேறு தொல்லை. அக்குளோரைடையே விலக்கிப் போரானுங் கரியுங் கூடிய உப்பொன்றை டொயோட்டா ஆய்வாளர் 2015இல் வெளியிட்டனர்.

நேர்முனையின் செய்தி இன்னும் கடினமானது. இரட்டை மின்னேற்றமுடைய மக்னீசிய அயனி ஆக்சைடுப் பளிங்கினுட் புகுந்தால், ஆக்சிஜனின் பிடியில் அகப்பட்டு நகர மறுக்கும். கந்தகத்தின் பிடி தளர்ந்தது. அங்கே மின்னழுத்தமும் தாழும். ஆகவே வனேடியம், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பலர் ஆராய்கின்றனர்.

எமது ஆட்சேபம் இங்கேதான். மக்னீசிய உலோகத்தோடு ஒத்துவாராத பெர்க்குளோரேட்டுக் கரைசலில் நேர்முனையை இட்டு, எதிரே கரியை வைத்துக் கொள்ளளவை அளந்து, அதற்கு மக்னீசியக் கலம் என்று பெயரிடும் வழக்கம் பரவியுள்ளது. மணமக்களை வெவ்வேறு ஊரில் இருத்தி, மணம் இனிதே நிறைவேறியதென்று பத்திரிகை அச்சிடுவதை ஒக்கும் இது. கரைசலிற் சிறிது நீர் இருப்பினோ, புரோட்டான்களே பளிங்கிற் புகுந்து மக்னீசியம் புகுந்ததுபோல் மயக்குதலும் உண்டு.

மக்னீசிய உலோகமே எதிர்முனையாக நிற்க, மின்பகுளியின் நீரளவு குறிக்கப்பட்டு, பளிங்கினுட் புகுந்தது மக்னீசியமே என்று பகுத்தறிந்து காட்டிய அளவீடுகளையே யாம் ஏற்கத் துணிவோம். இரசாயன வகுப்பு மாணாக்கரும் கொள்ளளவின் எண்ணை நோக்குமுன், எதிர்முனை யாது, மின்பகுளி யாது என்று வினவுவாராக. விடை தராத அட்டவணைகளைத் தம் ஆய்வேடுகளில் எடுத்தாளாதிருக்கவும் அவர்களை வேண்டுகின்றோம்.