பழைய ஒலிபெருக்கிக்குப் புதிய மின்தேக்கிகள்

1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த டைனாக்கோ ஸ்டீரியோ 70 என்னும் வால்வு ஒலிபெருக்கியைப் புதுப்பிக்க முற்படுவோர் சிலர், மின்தேக்கி பெரிதாயின் இசையும் சிறக்குமென்று மயங்குகின்றனர். அஃது ஆபத்தான எண்ணம். அதன் ஜிஇசட் 34 திருத்தி வால்வை அடுத்த முதல் தேக்கி 30 மைக்ரோபாரட். அவ்வால்வு தாங்கும் எல்லையோ 60. இதனைக் கடப்பின், தேக்கி நிரம்புங்கால் பாயும் மின்னோட்டம் வால்வையே கெடுக்கும். ஆகவே கொள்ளளவு பழையபடியே நிற்க. தாங்கும் அழுத்தம் மட்டும் 525 வோல்ட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

ஆயினும் முதற்கண் மாற்றத்தக்கவை வால்வுகளை இணைக்கும் 0.1 மைக்ரோபாரட் தேக்கிகளே என்பது என் துணிபு. அவை கசியின், இஎல் 34 வால்வின் கிரிட்டில் நேரழுத்தம் ஏறித் தகடு சிவக்கும்; வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும் வெந்துபோகக் கூடும். பாலிபுரோப்பிலீன் தேக்கி சிறு விலைக்குக் கிடைக்க, பெயருக்காகப் பன்மடங்கு கொடுப்பானேன்?

நன்றாய் ஒலிப்பதை மாற்றுவானேன் என்பாரும் உளர். அன்னார் மின்னை முற்றும் வடித்தபின் தேக்கியின் ஒரு முனையைக் கழற்றி, அஃது உழைக்கும் அழுத்தத்திலேயே கசிவை அளந்து பார்ப்பாராக.