நலவாழ்வுப் பகுதி: பாவற்காயும் இன்சுலினும்

கோயிலில் பூசை முடிந்து பிரசாதம் பெறும் வேளையில் அன்பர்களிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வெந்தயம் ஊறவிட்டுக் குடித்தால் சலரோகம் மாறிவிடுமாம். பாவற்காய்ச் சாறு குடித்தால் குளிசையே வேண்டாமாம்." இதில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று அறிந்துகொள்வது நன்று.

உண்மை உண்டு. வெந்தயத்திலுள்ள கலக்ரோமனான் என்னும் நார்ப்பொருள் நீரில் ஊறிக் கூழ்போலாகி, உணவிலுள்ள சீனி இரத்தத்திற் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் மெற்போமின் குளிசையின் வரலாறுகூட, ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியிற் காணப்பட்ட ஒரு பொருளிலிருந்தே தொடங்கியது.

பருப்பு வகைகளின் சிறப்பு அளந்தும் காட்டப்பட்டது. 1981 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் உடன் பணியாற்றியோரும் 62 உணவுகளை ஆராய்ந்து, ஒவ்வொன்றும் இரத்தச் சீனியை எவ்வளவு உயர்த்துகிறது என்பதற்குச் சுட்டெண் வகுத்தனர். குளுக்கோசை 100 எனக் கொண்டால், அவரையினத் தானியங்களின் சராசரி 31 மட்டுமே. அவற்றிலுள்ள நாரும், மெதுவாகச் சமிக்கும் மாப்பொருளுமே காரணம். ஆகவே கடலைச் சுண்டல், பயறு, கௌபி யாவும் நல்ல உணவுகள். ஆனால் வழமையான சோற்றுக்கு மேலதிகமாக உண்டு பயனில்லை. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் இவற்றைச் சேர்க்க வேண்டும்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். 1922 சனவரி 11 ஆந் திகதி ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அம்மருந்து போதிய தூய்மையற்றிருந்தது. கொலிப் அதைச் சுத்திகரித்தபின், அதே மாதம் 23 ஆந் திகதி மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தேறினான். பான்ரிங்கும் பெஸ்ற்றும் கண்டறிந்த இம்மருந்து வருமுன்னர், இத்தகைய பிள்ளைகளுக்குப் பட்டினிப் பத்தியம் ஒன்றே சிகிச்சையாக இருந்தது. அதனால் மரணம் சில காலம் தள்ளிப்போனதேயன்றி, பிள்ளை பிழைக்கவில்லை. உடலில் இன்சுலின் சுரக்காத ஒருவர் இன்றும் ஊசியை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

குளிசை எடுப்போருக்கும் எச்சரிக்கை தேவை. குளோர்புரோபமைட் குளிசை எடுத்த ஒரு பெண், பாவற்காய்க் கறியும் உண்டபோது, இரண்டும் சேர்ந்து சீனியைக் கூடுதலாகக் குறைத்ததை 1979 இல் லான்செற் மருத்துவ இதழ் வெளியிட்டது. இடைக்கிடை உண்ணும் கறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் சாறு, தூள் என்று எடுப்போரும், கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிப்போரும் முன்கூட்டியே தமது வைத்தியரிடம் சொல்ல வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே சீனி கரைத்த நீரோ பழச்சாறோ அருந்த வேண்டும்.

உணவு மாற்றம் பலன் தருகிறதா என்பதை, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அதைப் பார்த்து மருந்தைக் குறைப்பது வைத்தியரின் பொறுப்பு. சோற்றைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டுவது அன்பர்களின் பொறுப்பு.